எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே ஆர்த்தோ ஆராய்ச்சி: தேவையா, நேர விரயமா?

பாண்டி_யூஜி
அனைவருக்கும் வணக்கம். பாண்டியில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆர்த்தோ (எலும்பு மருத்துவம்) எடுக்க வேண்டும் என்பது முதல் வருடத்திலிருந்தே ஆசை. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம்) 1979 முதல் யூ.ஜி. (இளநிலை) மாணவர்களுக்காக நடத்தும் எஸ்.டி.எஸ். என்ற குறுகிய கால ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். ஓர் ஆசிரியரின் கீழ் இரண்டு மாதம் ஆய்வு செய்து அறிக்கை கொடுத்தால் உதவித்தொகையும் சான்றிதழும் உண்டு. துறையில் ஒரு சார் கைடாக (ஆய்வு வழிகாட்டியாக) இருக்கச் சம்மதித்துவிட்டார். சீனியர்களோ, "அந்த நேரத்தில் நுழைவுத் தேர்வுக்கு எம்.சி.க்யூ. (கொள்குறி வினா) போடு" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

எலும்புவார்டு
ஆர்த்தோ பி.ஜி. (மேற்படிப்பு) படிக்கிறவன் சொல்கிறேன் தம்பி, வேண்டாம். உனக்கு ஆர்த்தோ சீட் வாங்கித் தரப்போவது மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யின் ரேங்க் மட்டும்தான். கவுன்சிலிங்கில் ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு மார்க்கும் கிடையாது.

அதை விடு, ஆர்த்தோவில் இரண்டு மாதத்தில் என்ன பார்க்க முடியும்? டிபியா (முன்னங்கால் எலும்பு) முறிந்து நெயில் (எலும்புக்குள் கம்பி) போட்டால் எலும்பு ஒன்றுகூடவே நாலைந்து மாதம் ஆகும். தோல் கிழிந்து காயத்தோடு வரும் திறந்த முறிவு என்றால் இன்னும் இழுக்கும். சீழ் பிடித்ததா, கூடாமல் போனதா, மறுபடி தியேட்டருக்குப் போனாரா என்பதெல்லாம் உன் இரண்டு மாதம் முடிந்த பிறகுதான் தெரியவரும். அதற்குள் நீ கொடுக்கும் அறிக்கை முதல் பக்கத்தோடு நிற்கும் கேஸ் ஷீட் மாதிரி. இதற்கு முன்னால் எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி வேறு வாங்க வேண்டும்.

ரெயின்போநகர்
நான் மருத்துவக் கல்லூரியில் ஆர்த்தோ கற்பிக்கிறேன். நீட் ரேங்க் பற்றி மேலே எலும்புவார்டு தம்பி சொன்னது உண்மை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஆராய்ச்சியை மார்க்குக்கான வழியாக மட்டும் பார்ப்பதை என்னால் ஏற்க முடியாது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். சாலை விபத்தில் கால் உடைந்து, எலும்பு வெளியே தெரிய ஒருவர் வருகிறார். காயத்தைக் கழுவச் சொல்கிறோம். எதால் கழுவுவது, சலைனா (உப்புக் கரைசல்), சோப்புக் கரைசலா? எவ்வளவு அழுத்தத்தில்? எந்த ஹவுஸ் சர்ஜனுக்கும் (பயிற்சி மருத்துவருக்கும்) வரக்கூடிய சந்தேகம் இது. 2015-ல் வெளிவந்த ஃப்ளோ ஆய்வு இதைத்தான் கேட்டது. 41 மையங்கள், 2,447 நோயாளிகள், அதில் நம் நாட்டு நோயாளிகளும் உண்டு. சோப்பால் கழுவியவர்களில் 14.8 சதவீதம் பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது, சலைனால் கழுவியவர்களில் 11.6 சதவீதம். அழுத்தத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது எந்த அரசு மருத்துவமனையிலும் கிடைக்கிற சலைனே போதும். இப்படி ஒரு கேள்வி கேட்கும் பழக்கம் பி.ஜி. சேர்ந்த அன்று திடீரென்று வந்துவிடாது.

நம் ஊருக்கு அருகிலும் உதாரணம் இருக்கிறது. நசுங்கிய காலைக் காப்பாற்றலாமா, எடுக்க வேண்டுமா என்று முடிவெடுக்க, கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு ஒரு ஸ்கோர் உருவாக்கி 2006-ல் வெளியிட்டது. தோல், எலும்பு, தசை-நரம்பு என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டு, நோயாளியின் மற்ற நோய்களையும் சேர்த்துக் கூட்டுவது. 14 வரை என்றால் காலைக் காப்பாற்றலாம், 17-ம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் எடுக்க வேண்டிவரும், நடுவில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நம் சாலைகளில் அடிபட்டு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துப் பிறந்த ஸ்கோர் அது.

எலும்புவார்டு
சார், கங்காவில் வருடக்கணக்காக நோயாளியைப் பின்தொடரும் குழு இருக்கிறது. யூ.ஜி. மாணவனுக்கு அது எங்கே? அவனுக்குக் கிடைப்பது ரெக்கார்ட் ரூமில் பழைய கேஸ் ஷீட் தேடும் வேலை. எனக்குத் தெரிந்த ஒரு ஜூனியர் எழுபது நோயாளிகளின் விவரத்தை எக்செலில் ஏற்றினான். கடைசியில் அது வேறொருவரின் தீசிஸ் (பி.ஜி. ஆய்வேடு) ஆனது. நன்றியுரையில்கூட அவன் பெயர் இல்லை. இதற்கு என்ன பதில்?

ரெயின்போநகர்
நடந்தது அநியாயம், அதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். அதனால்தான் வேலை தொடங்கும் முன்பே கைடிடம் கேட்டுவிடச் சொல்கிறேன்: ஆசிரியர் வரிசையில் என் பெயர் எங்கே வரும், இதே விவரம் பி.ஜி. தீசிஸுக்கும் போகுமா என்று. ஈமெயிலில் கேட்டு ஈமெயிலிலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கே கோபப்படும் கைடு நமக்கு வேண்டாம்.

இரண்டு மாதத்துக்குள் முடியும் கேள்வியும் நிறைய உண்டு. ஈ.சி.ஆரில் விழுந்தவருக்கு முதல் ஆன்டிபயாடிக் ஊசி எத்தனை மணி நேரம் கழித்து விழுந்தது? 108 வருவதில் தாமதமா, முதலில் போன சுகாதார நிலையத்திலா, ரெஃபர் ஆகும் வழியிலா? திறந்த முறிவில் அந்த ஊசி எவ்வளவு சீக்கிரம் விழுகிறதோ அவ்வளவு நல்லது. இதற்கு எலும்பு கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நோயாளியிடம் நாலு கேள்வியும் ரெஃபர் சீட்டும் போதும்.

கடலூர்_மகள்
நான் டாக்டர் இல்லை. என் அப்பா பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு உடைந்து வார்டில் படுத்திருந்தவர். ஒரு மாணவர் வந்து நிறைய கேட்டார், எழுதிக்கொண்டார், கையெழுத்தும் வாங்கினார். எதற்கு என்று சொல்லவே இல்லை. பதில் சொல்லாவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகுமோ என்று அப்பா பயந்துபோய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்களிடமும் இரண்டு நிமிடம் தமிழில் பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. கடலூரிலிருந்து செக்கப்புக்கு வர, கூட வருகிற ஆளின் ஒரு நாள் கூலியும் சேர்த்துப் போகிறது. 'நோயாளி வரவில்லை' என்று மட்டும் எழுதிவிடுகிறீர்கள். ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டீர்களா?

ரெயின்போநகர்
அம்மா, உங்கள் அப்பாவுக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது. ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளே சொல்வது இதுதான்: ஆய்வு எதற்கு என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், மறுத்தாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வரக்கூடாது. யூ.ஜி. மாணவர் இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டாலே பாதி ஆராய்ச்சி கற்ற மாதிரி.

ஸ்டெப்2_கனவு
அமெரிக்கா போக நினைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 2022 ஜனவரி முதல் அங்கு மருத்துவராக எழுத வேண்டிய யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வின் ஸ்டெப் 1-க்கு மார்க் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில்தான். அங்கே ஆர்த்தோ ரெசிடென்சி (மேற்படிப்புப் பயிற்சி இடம்) கிடைப்பதே கடினம், ஆராய்ச்சி அனுபவத்தையும் நன்றாகவே பார்க்கிறார்கள். அந்தப் பாதை என்றால் இப்போதே தொடங்குங்கள். ஆனால் காசு கட்டினால் வாரத்தில் கட்டுரை போடும் ஜர்னல் பக்கம் போகவே போகாதீர்கள்.

பாண்டி_யூஜி
எல்லோருக்கும் நன்றி. கடலூர் அக்கா சொன்னது மனதில் பதிந்துவிட்டது. நான் யோசித்திருப்பது இது: குழந்தைகளுக்கு முழங்கை உடைந்தால் முதலில் நாட்டுக்கட்டு கட்டிவிட்டு, கை வீங்கிய பிறகு கொண்டுவருகிறார்கள். மூங்கில் பத்தையை இறுக்கிக் கட்டியதில் ரத்த ஓட்டம் நின்று, விரல்கள் மடங்கியே போன ஒரு பையனை வார்டில் பார்த்தேன். ஏன் முதலில் அங்கே போனார்கள் என்பதைக் கேட்டறிய வேண்டும். பழைய கேஸ் ஷீட்களை வைத்துச் செய்யலாமா?

எலும்புவார்டு
என் கருத்து மாறவில்லை, ரேங்க்தான் முதலில். ஆனால் செய்வது என்று முடிவெடுத்துவிட்டால் கேஸ் ஷீட்டை நம்பாதே. நாட்டுக்கட்டு போட்டதை ராத்திரி டியூட்டியில் பாதிப் பேர் எழுதுவதே இல்லை. ஓ.பி.க்கு வரும் பெற்றோரிடம் நேரில் கேள். 'ஏன் அங்கே போனீர்கள்' என்று ஆரம்பித்தால் திட்டுகிறாய் என்று வாயை மூடிக்கொள்வார்கள். விழுந்ததிலிருந்து என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லவிடு. பஸ், பணம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது எல்லாம் தானாக வரும். கேள்வித்தாள் தயாரானதும் எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.