30க்கு 45 மனை: அடுப்படி எந்த மூலையில்?

கேள்வி:
தேவிபட்டினம் பக்கம், கடலிலிருந்து அரை கிலோமீட்டர். கிழக்கு வாசல். இரண்டு படுக்கையறை, ஹால், அடுப்படி. முழங்கால் வலியுள்ள அப்பத்தாவும் உண்டு. எப்படிப் பிரிக்கலாம் அண்ணே?

பதில் 1:
அடுப்படி தென்கிழக்கு. வாஸ்துவை விடுங்க, காற்றைப் பாருங்க. கோடையில் தென்மேற்கிலிருந்து வீசும். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து. தென்கிழக்கு மூலை என்றால் இரண்டு காலத்திலும் தாளிப்பு நெடி வீட்டுக்குள் புகாமல் ஓரமாகவே போய்விடும். தென்மேற்கில் வைத்தால் கோடை முழுக்க ஹாலில் மீன் வாடைதான். மேற்குப் பக்கம் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை. சாயங்கால வெயிலை அவை வாங்கிக்கொள்ளும்.

பதில் 2:
அப்பத்தா அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் நிலைப்படி வேண்டாம். கழிப்பறைக் கதவு 3 அடி, வெளிப்பக்கம் திறக்கணும். உள்ளே தடுக்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கிற கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். கைப்பிடிக் கம்பி 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்; 304 ரகம் என்றால் உப்புக்காற்றில் செம்புள்ளி விழும்.

பதில் 3:
கடலோரத்துக்கு ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) சொல்வது எம்30 ரகக் கான்கிரீட், 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கிற கான்கிரீட்டின் கனம். மேஸ்திரி கம்பிக்கு அடியில் வைக்க 20 மி.மீ. கவர் கட்டையோடு வருவார், விடாதீங்க. உப்பு இறங்கிக் கம்பி துருவேறி ஊதும், சீலிங் பெயர்ந்து விழும். செப்டிக் டேங்கும் மழைநீர்த் தொட்டியும் எதிரெதிர் மூலையில்.