எலுமிச்சை, கறிவேப்பிலையில் அழகி வண்ணத்துப்பூச்சிப் புழு வளர்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். எங்கள் எலுமிச்சைச் செடி தொட்டியில் இருக்கிறது, இடுப்பு உயரம்தான். போன வருடம் ஒரு நாள் கொழுந்து இலையின் மேல் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். அது நெளிந்து தலையைத் தூக்கியது. தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டாகப் பிளந்த கொம்பு ஒன்று புடைத்து வந்தது, கூடவே நெடியும் வந்தது. ஓரிரு நொடியில் கொம்பு உள்ளே போய்விட்டது. எறும்பையும் சிலந்தியையும் விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் அது என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் புழு எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு.

அன்றிலிருந்து தினமும் காலையில் செடியைப் பார்க்காமல் எனக்குப் பொழுது விடிவதில்லை. முட்டை இடுவதையும் பார்த்துவிட்டேன். பெண் பூச்சி உட்காராமலே இறக்கையைப் படபடத்துக்கொண்டு முன்னங்காலால் இலையைத் தட்டுகிறது. காலால்தான் இலையின் ருசி பார்க்கிறதாம். பிடித்துப்போனால் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுகிறது. வெளிர் மஞ்சளில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உருண்டையாக இருக்கும். மூன்று நான்கு நாளில் பொரிந்தது. வெளியே வந்த புழு முதல் வேலையாகத் தன் முட்டை ஓட்டைத் தின்றது.

நான்கு முறை தோல் உரிக்கிறது. முதல் மூன்று உரிப்பு வரை எச்ச வேஷம், நான்காவது முடிந்ததும் திடீரென்று பச்சை. அந்தப் பச்சைப் பருவத்தில்தான் பசி பயங்கரம். அதுவரை தின்ற இலையெல்லாம் ஒரு கணக்கே இல்லை என்று தோன்றும். பச்சை இலையில் பச்சைப் புழுவைத் தேடுவது கஷ்டம், அதனால் நான் கீழே பார்ப்பேன். தொட்டி மண்ணில் புதுப் புழுக்கை கிடந்தால், அதற்கு நேர் மேலே அண்ணாந்து பார்த்தால் போதும், ஆள் அங்கே இருக்கும்.

ஒரு விஷயம்தான் மனதை உறுத்துகிறது. நன்றாகத் தின்று கொழுத்த புழு ஒரு நாள் காலையில் காணாமல் போய்விடுகிறது. பறவை கொத்தியதா, தானாகப் போனதா என்று தெரிவதில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

*

அக்கா, முக்கால்வாசி தானாகத்தான் போயிருக்கும். கூட்டுப்புழு ஆகும் நேரம் வந்துவிட்டால் அது செடியில் இருக்கப் பிடிக்காமல் இறங்கி நடக்கும். அதற்கு முன்னால் ஓர் அடையாளம் உண்டு. அதுவரை உலர்ந்த உருண்டையாகப் போட்ட புழுக்கை அன்று மட்டும் ஈரமாக, தண்ணீர் கலந்து வரும். குடலைக் காலி செய்கிறது. உடம்பும் கொஞ்சம் சுருங்கிவிடும். அதைப் பார்த்த உடனே புழு இருக்கும் கிளையை ஒரு வலைத்துணியால் தளர்வாக மூடிக் கட்டிவிடுங்கள், உள்ளே இரண்டு குச்சியும் வையுங்கள்.

நான் ஒன்றை ஐந்து மணி நேரம் பின்தொடர்ந்திருக்கிறேன். செடியை விட்டு இறங்கி, சுவரோரமாக ஊர்ந்து, சாத்தி வைத்திருந்த துடைப்பக் கட்டையில் ஏறி நின்றது. முதலில் பட்டு நூலால் சின்னதாக ஒரு மெத்தை போட்டு வால் பக்கத்தை அதில் பதித்துக்கொண்டது. அப்புறம் தலையை இடமும் வலமுமாகக் கொண்டுபோய் ஒரே வழியில் திரும்பத் திரும்ப நூல் விட்டது. கடைசியில் அந்த வளையத்துக்குள் தலையை நுழைத்து முதுகுக்குத் தள்ளிக்கொண்டது. பனைமரம் ஏறுபவர் இடுப்பில் கயிறு போட்டுச் சாய்ந்து நிற்பாரே, அப்படியே இருந்தது. மறுநாள் தோல் முதுகில் வெடித்துக் கீழே நழுவியது. உள்ளே இருந்தது கூட்டுப்புழு.

துடைப்பக் கட்டையில் ஒட்டியது பழுப்பாக இருந்தது. செடியின் பச்சைத் தண்டில் ஒட்டியவை எனக்கு எப்போதும் பச்சையாகவே வந்திருக்கின்றன. இருக்கும் இடத்துக்குத் தகுந்த நிறம். அதனால் தேடும்போது பச்சையை மட்டும் தேடாதீர்கள்.

*

வலைத்துணி பற்றி மேலே சொன்னதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எனக்கு அந்தப் பாடம் ஏழு கூட்டுப்புழுக்களைப் பறிகொடுத்த பிறகு கிடைத்தது.

ஏழும் ஒரே வாரத்தில் கூடு ஆயின. பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று, ஒன்றும் வெளியே வரவில்லை. நிறம் மட்டும் மங்கிக்கொண்டே போனது. ஒரு நாள் காலையில் ஒரு கூட்டின் பக்கவாட்டில் ஊசி குத்தியது மாதிரி ஓர் ஓட்டை இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் வழியாக எறும்பை விடச் சின்னதாக, பச்சை உலோகம் போல மினுங்கும் குளவி ஒன்று வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. நாற்பது வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை.

இந்தக் குளவி, புழு கூடு ஆகத் தயாராகி நிற்கும்போதே பக்கத்தில் வந்து காத்திருக்கும். தோல் உரிந்து கூடு இன்னும் மெத்தென்று இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் உள்ளே முட்டை வைத்துவிடும். ஓடு இறுகிவிட்டால் அதால் முடியாது. ஆகவே புழு நூல் வளையம் போட்டு அசையாமல் நிற்கும் நேரத்திலிருந்து, கூடு ஆன பிறகு ஒரு முழு நாள் வரை பாதுகாப்பாக மூடி வைத்தால் போதும். வலையின் கண் மிக நெருக்கமாக இருக்க வேண்டும். சாதாரணக் கொசுவலைக்குள் அது சுலபமாக நுழைந்துவிடும், நான் தோற்றது அங்கேதான். இப்போது ‘வாயில்’ (voile) என்ற மெல்லிய துணி பயன்படுத்துகிறேன்.

குளவியைக் கொல்ல மருந்து அடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்த மருந்து புழுவையும் கொல்லும். குளவியும் அந்தத் தோட்டத்தில் பிழைக்க வந்த உயிர்தான்.

*

மருந்து என்றதும் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். புழுக்கள் அதிகமாகி இலை போதவில்லை என்று ஒரு நாற்றங்காலில் இரண்டு கறிவேப்பிலைக் கன்று வாங்கினேன். ஓர் ஓட்டை கூட இல்லாத பளபளப்பான இலைகள். அது எவ்வளவு பெரிய எச்சரிக்கை என்று அப்போது புரியவில்லை. பதினோரு புழுவை அதில் விட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் வழிய, உடம்பு துவண்டு தொங்கிக்கொண்டிருந்தன. இரவுக்குள் எல்லாம் போய்விட்டன. இலையைக் கழுவித்தான் விட்டேன். ஆனால் சில மருந்துகளை வேர் உறிஞ்சி இலைக்குள்ளேயே ஏற்றி வைத்துவிடுகிறது, கழுவினால் போகாது.

இன்றுவரை அந்தப் பதினோரு புழுவும் எனக்கு மறக்கவில்லை. இப்போது வாங்கும் எந்தச் செடியையும் தனியாக வைத்து, பழைய இலை உதிர்ந்து புதுத் துளிர் நன்றாக வளரும் வரை மாதக்கணக்கில் காத்திருக்கிறேன். அப்புறமும் முதலில் ஒரே ஒரு புழுவைத்தான் விடுவேன். விதை போட்டு முளைத்த எலுமிச்சைக் கன்றுகள்தான் முழு நம்பிக்கை.

*

பறவை எச்சப் புழு கறிவேப்பிலையில் இருந்தால் அது கறிவேப்பிலை அழகி என்ற வேறு வண்ணத்துப்பூச்சியின் புழுவாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே செடியில் வரும். எங்கள் வீட்டில் வந்தது அதுதான்.

கறுப்பு இறக்கை, வாலோடு, சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள் உள்ள பூச்சி ஒன்று செடியில் முட்டை வைத்தது. ரோஜா அழகி என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சி என்றே முடிவு செய்தேன். ஆனால் ரோஜா அழகியின் புழு தின்பது ஆடுதின்னாப்பாளை என்ற மூலிகைச் செடியை. கறிவேப்பிலையை அது சீண்டாது. அப்புறம் உடம்பைக் கவனித்தேன். ரோஜா அழகிக்கு உடம்பு சிவப்பு, இதற்குக் கறுப்பு. ஆடுதின்னாப்பாளையின் நஞ்சை உடம்பில் ஏற்றிக்கொள்வதால் ரோஜா அழகியைப் பறவைகள் தொடுவதில்லை. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகியின் பெண், அதன் உடையைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. எல்லாப் பெண்களும் அப்படி இல்லை, ஆண் மாதிரியே இருக்கும் பெண்களும் உண்டு. இந்த வேஷத்தைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு என்று 2014ல் கண்டுபிடித்தார்கள். ஆணா பெண்ணா என்று உடலை வடிவமைக்கும் அதே மரபணு! என் தொட்டிச் செடியில் முட்டை வைத்துப் போனதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கிறது.

இன்னொன்று: கூட்டைச் சின்ன டப்பாவில் வைக்காதீர்கள். வெளியே வரும்போது இறக்கை ஈரத்துணி மாதிரி மடங்கியிருக்கும். பூச்சி ஏறித் தொங்கி, இறக்கை கீழ்நோக்கி விரிய இடம் வேண்டும். என்னிடம் ஒன்று டப்பாவின் வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் விழுந்து விழுந்து, இறக்கை சுருங்கியபடியே காய்ந்துவிட்டது. நான்கு நாள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து வைத்திருந்தேன்.

*

எல்லோருக்கும் நன்றி. ஈரப் புழுக்கை விஷயம் படித்த அன்றே உதவியது. மாலையில் ஒன்று இறங்கி நடக்கத் தொடங்கியது, கூடவே போனேன். தோட்டத்துக் குழாயின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. நீங்கள் சொன்ன அந்த மெல்லிய துணியைச் சுற்றி நூலால் கட்டினேன், அந்தக் குழாயை யாரும் திறக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். இன்று ஒன்பதாம் நாள். காலையில் பார்த்தபோது ஓடு கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே கறுப்பும் மஞ்சளுமாக இறக்கையின் புள்ளிகள் தெரிந்தன. துணியை அவிழ்த்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். வந்ததும் எழுதுகிறேன்.