ஓகேமலில் ஹேஷ்டேபிள் போட்டால் குற்றமா?

வேலன்_கே:
சர்வர் லாகில் (பதிவேட்டில்) ஒவ்வொரு ஐ.பி. முகவரியும் எத்தனை முறை வந்தது என்று எண்ணும் ஒரு சின்ன ஓகேமல் (OCaml என்ற நிரல்மொழி) நிரல். ஹேஷ்டேபிளில் (சாவி கொடுத்தால் மதிப்பைத் தரும், இருந்த இடத்திலேயே மாற்றக்கூடிய அட்டவணை) எழுதினேன். சீனியர் பார்த்துவிட்டு, "ஃபங்ஷனல் மொழியில் போய் இதையா? மேப் மாட்யூலுக்கு மாத்து" என்கிறார். ஃபங்ஷனல் மொழியில் இருப்பதை மாற்றாமல் புதிய பதிப்பை உருவாக்குவதுதான் வழக்கம், மேப் அப்படிப்பட்டது. முகவரிகள் பத்து லட்சம் வரை வரும். மாற்றத்தான் வேண்டுமா?

ஒட்டகப்பால்:
வேண்டாம். ஹேஷ்டேபிள் ஓகேமலின் சொந்த ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இருக்கிறது, எங்கிருந்தோ கடத்தி வந்த சரக்கு இல்லை. மேப் என்பது சமநிலை மரம், சாவிகளை வரிசைப்படி கிளைகளில் வைக்கும். பத்து லட்சம் சாவிகள் இருந்தால் ஒரு தேடலுக்கு சுமார் 20 ஒப்பீடு, அதுவும் ஸ்ட்ரிங் ஒப்பீடு. எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டினால் வேரிலிருந்து அந்த இடம் வரை வழியில் உள்ள கணுக்கள் (சாவி உட்காரும் முடிச்சுகள்) எல்லாம் புதிதாகப் பிறக்கும். 64 பிட் கணினியில் கணு ஒன்றுக்கு 48 பைட். ஒரு ஒன்றைக் கூட்ட கிட்டத்தட்ட ஒரு கிலோபைட் குப்பை!

தூயவன்:
குப்பையைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். அதில் பெரும்பகுதி அடுத்த சில வரிகளிலேயே செத்துப்போகும், மைனர் ஹீப்பிலேயே (புதிய மதிப்புகளுக்கான சின்ன நினைவகப் பகுதி) கணக்கு தீர்ந்துவிடும். ஓகேமலின் ஜி.சி. (குப்பை நினைவகத்தைத் தானே மீட்கும் பகுதி) அதற்கென்றே கட்டியது. உங்கள் டேபிள் மட்டும் சும்மாவா? மேஜர் ஹீப்பில் (நீண்ட நாள் வாழ்பவற்றின் பகுதி) உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு எழுதுதலுக்கும் ரைட் பேரியர் (ஜி.சி.-க்காகச் செய்யும் கூடுதல் சோதனை) கேட்கும்.

வேகம் இருக்கட்டும். எண்ணி முடித்ததும் டேபிளை யாரிடம் கொடுப்பீர்கள் என்பதுதான் என் கேள்வி. ரிப்போர்ட் எழுதுகிறவர் சின்ன எண்ணிக்கைகளை வடிகட்டுகிறேன் என்று அதே டேபிளிலிருந்து நீக்கிவிட்டால், அப்புறம் மொத்தம் ஏன் உதைக்கிறது என்று நீங்கள்தான் தேட வேண்டும். மேப்பில் அப்படி நடக்க வழியே இல்லை.

ஒட்டகப்பால்:
டேபிளை யார் வெளியே விடச் சொன்னது? ஃபங்ஷனுக்குள் உருவாக்கு, எண்ணு, லிஸ்டாக்கித் திருப்பு. ஆசாரத்துக்குப் பேர்போன ஃபங்ஷனல் மொழியான ஹாஸ்கெல்காரர்களே 1994-ல் லாஞ்ச்பரி, பெய்டன் ஜோன்ஸ் கட்டுரையிலிருந்து இதைத்தானே செய்கிறார்கள்? உள்ளே எஸ்.டி. மோனாட் (மதிப்பை மாற்ற அனுமதிக்கும் அடைப்பு), வெளியே சுத்தம். குளோஜர் மொழியில் அதே வேலைக்கு டிரான்சியன்ட் (தற்காலிகமாக மாற்றக்கூடிய பிரதி).

தூயவன்:
நல்ல உதாரணம், எனக்குத்தான் உதவுகிறது. ரன்எஸ்டி (எஸ்.டி. அடைப்பை இயக்கி விடையை வெளியே எடுக்கும் ஃபங்ஷன்) வழியாக அந்த டேபிள் வெளியே கசிய முயன்றால் ஹாஸ்கெல் கம்பைலரே தடுத்துவிடும். ஓகேமலில் தடுக்க யார்? "நான் வெளியே விட மாட்டேன்" என்ற உங்கள் வாக்குறுதி மட்டும்தான்.

நள்ளிரவு_கோடர்:
இடையில் ஒரு விஷயம். ஐ.பி. ஸ்ட்ரிங்காக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஆனால் பொதுவான ஹேஷ் ஃபங்ஷன் (சாவியை ஒரு எண்ணாக்கி டேபிளில் இடம் காட்டுவது) சாவியில் 10 அர்த்தமுள்ள மதிப்புகளை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். சுடோகு கட்டத்தை 81 எண்கள் கொண்ட லிஸ்டாக வைத்து அதையே சாவியாக்கினால், முதல் 10 எண்கள் ஒன்றாக உள்ள கட்டங்கள் எல்லாம் ஒரே பக்கெட்டில் (டேபிளின் ஒரே அறையில்) போய் விழும். தேடல் ஊர்ந்து போகும், பிழைச்செய்தி எதுவும் வராது. அந்த மாதிரி சாவிக்கு ஃபங்டர் (ஒரு மாட்யூலை வாங்கி இன்னொரு மாட்யூலைத் தருவது) வழியாகச் சொந்த ஹேஷ் கொடுக்க வேண்டும்.

தூயவன்:
இன்னொரு பொறி: ஹேஷ்டேபிளின் 'ஆட்' ஃபங்ஷன் பழைய மதிப்பை அழிக்காது, அதன் மேல் புதியதைப் போட்டு மறைக்கும். அதை வைத்து எண்ணினால் லாகில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் டேபிள் வீங்கும். வேலன், எதைப் போட்டிருக்கிறீர்கள்?

வேலன்_கே:
பழையதை நீக்கிப் புதியதை வைக்கும் 'ரீப்ளேஸ்'தான். இப்போது மணிக்கொரு தடவை அந்த நேரத்து எண்ணிக்கையை எடுத்து வைத்து, முந்தையதோடு ஒப்பிடவும் கேட்கிறார்கள்.

தூயவன்:
அப்படியானால் வழக்கு முடிந்தது! மேப்பில் பழைய பதிப்புக்கு ஒரு பெயர் வைத்தால் போதும், பிரதி எடுக்கவே வேண்டாம்.

ஒட்டகப்பால்:
ஒரு மணி நேரத்துக்கு ஒரு 'காப்பி', அதற்காக ஒவ்வொரு வரிக்கும் 20 கணு கட்டுவதா? ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் கேட்கட்டும், நானே மேப்புக்கு ஓட்டுப் போடுகிறேன். அதுவரை வேலன், டேபிளை ஃபங்ஷனுக்குள் வைத்து, எம்.எல்.ஐ. கோப்பில் (மாட்யூலில் எது வெளியே தெரியலாம் என்று சொல்லும் கோப்பு) அதன் டைப்பை வெளியே காட்டாமல் மறையுங்கள். தூயவன் கேட்ட காவல்காரர் பாதி அங்கேயே இருக்கிறார்.

தூயவன்:
பாதிதான். சீனியரிடம் இரண்டையும் அளந்து காட்டுங்கள் வேலன், அவர் லாகை வைத்தே.