மர டெக்குக்கு வினைல் ரெயிலிங்: எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: ரொறன்ரோவில் எங்கள் வீட்டின் பின்புறம், தரையிலிருந்து ஏறத்தாழ 4 அடி உயரத்தில் இருக்கும் டெக்கின் (வெளிப்புற மரத்தளத்தின்) மர ரெயிலிங் உளுத்துவிட்டதால், வெள்ளை வினைல் (ஒருவகை பிளாஸ்டிக்) ரெயிலிங் பொருத்த எண்ணியுள்ளேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஒன்ராறியோ கட்டட விதிகளின்படி 600 மி.மீ.க்கு மேல் உயர்ந்த டெக்குக்குத் தடுப்பு கட்டாயம். உங்கள் உயரத்துக்கு 900 மி.மீ. உயரத் தடுப்பு போதும், டெக் 1.8 மீட்டரைத் தாண்டினால் மட்டுமே 1070 மி.மீ. தேவை. கம்பிகளுக்கிடையே 100 மி.மீ. விட்டமுள்ள பந்து நுழையக் கூடாது.

மறுமொழி 2: வினைல் தூண் உண்மையில் வெறும் உறைதான், சாய்பவரின் பாரத்தைத் தாங்குவது உள்ளே நிற்கும் மரத்தூண் அல்லது உலோகத்தூண் என்பதால், முதலில் பழைய தூண்களின் அடியைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். மேல் ரெயிலுக்குள் அலுமினியச் சட்டம் இருப்பதையே வாங்குங்கள், இல்லாவிட்டால் நாளடைவில் நடுவில் தொய்யும். வினைல் வெயிலில் கணிசமாக நீளும். நான் கடுங்குளிரில் இடைவெளி விடாமல் இறுக்கமாக வெட்டிப் பொருத்தியதால், ஜூலையில் ரெயில் வில்லாக வளைந்தது, அவசரத்தின் கூலி!

கேள்வி கேட்டவர்: குத்திப் பார்த்ததில் இரண்டு தூண்கள் மெத்தென்று இருக்கின்றன.

மறுமொழி 2: அவ்விரண்டையும் மாற்றி, ஆணி அடிக்காமல், டெக்கின் சட்டகத்தில் ஊடுருவும் போல்ட்டுகளால் முடுக்கிய பிறகே உறையை மாட்டுங்கள்.