தள்ளுபடி மளிகைக் கடையில் வாங்கியும் செலவு குறையவில்லையே?

கேள்வி: தள்ளுபடிக் கடைக்கு மாறி மூன்று மாதம் ஆச்சு. மாதச் செலவு அப்படியேதான் இருக்கு. எதைக் கவனிக்கணும்?

பதில் 1: பாக்கெட் விலையை விட்டுட்டு கிலோ விலையைப் பாருங்க. விலையை கிராமால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் போதும். பெரிய பாக்கெட் எப்பவும் மலிவு இல்லை. முக்கியமா எண்ணெய்: ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான். லிட்டர் பாட்டிலையும் கிலோ டின்னையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு கிட்டத்தட்ட 10 சதவீதம் தப்பும்.

பதில் 2: மொத்தமா வாங்குறதுக்கு முன்னாடி, அது கெடுறதுக்குள்ள தீருமான்னு பாருங்க. முழுக் கோதுமை மாவில் முளைப்பகுதியின் எண்ணெய் இருப்பதால் மைதாவைவிடச் சீக்கிரம் சிக்கு வாடை வந்துடும். தகர டப்பா உப்பியிருந்தாலோ, விளிம்பு மடிப்பில் நசுங்கியிருந்தாலோ பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம், உள்ளே கிருமி வளர்ந்திருக்கலாம்.

கேள்வி கேட்டவர்: டப்பாவில் எந்த எடையை எடுத்துக்கணும்?

பதில் 1: நீர் வடித்த எடையை. 400 கிராம் அவித்த பயறு டப்பாவில் பெரும்பாலும் 240 கிராம் அளவுக்குத்தான் பயறு இருக்கும், மீதி தண்ணீர். உலர்ந்த பயறோடு ஒப்பிடும்போது, ஊறி வெந்தால் அது இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடும் என்பதையும் சேர்த்துக்கோங்க.