மறுமொழி: "கம்ப்ளையன்ஸ்" – இணக்கமா, கடைப்பிடிப்பா?

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு மொழிபெயர்ப்பு முடிச்சுக் குடுக்கணும், ஒரே ஒரு சொல்லுல மூணு நாளா நிக்கறேன். அமெரிக்காவுல பிஎச்டி பண்ற நம்ம பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு, 2025-லேர்ந்து அங்க பல்கலைக்கழகங்கள்ல என்ன நடக்குதுன்னு விளக்கற சின்னப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் "கம்ப்ளையன்ஸ்" வருது, அதாவது சட்டம் சொல்றபடி நடந்துக்கறது. அகராதிப்படி "இணக்கம்"னு போட்டேன். "1964 குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்போடு பல்கலைக்கழகம் இணக்கமாக உள்ளது"ன்னு வந்துச்சு. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினா, "சட்டத்தோட சண்டை இல்லாம இருக்காங்களா?"ன்னு கேக்கறாங்க. ஆறாம் தலைப்பு சொல்றது என்னன்னா, மத்திய அரசுப் பணம் வாங்கற எந்த இடத்துலயும் இனம், நிறம், பூர்வீக நாட்டை வச்சு யாரையும் ஒதுக்கக் கூடாது. அதுக்கு இந்தச் சொல் பத்தலையே. வேற இருந்தா சொல்லுங்க.

– – –

தம்பி, இணக்கம் வேண்டவே வேண்டாம். ஆத்திசூடியில "இணக்கம் அறிந்து இணங்கு"ன்னா ஆளோட குணம் தெரிஞ்சு நட்பு வைன்னு பொருள். இணை, இணர் (பூங்கொத்து), இணங்கு எல்லாமே சேர்தலைச் சொல்ற சொற்கள், இணங்கார்னா பகைவர். சட்டத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவுல நட்பு எங்க வந்துச்சு? நம்மகிட்ட "ஒழுகல்" இருக்கு. "உலகத்தோடு ஒட்ட ஒழுகல்"னு குறள் 140. பல நூல் கற்றும் அந்த ஒழுகலைக் கல்லாதவங்க அறிவில்லாதவங்கங்கறார், பல்கலைக்கழகத்துக்கு இதைவிடப் பொருத்தமா எதைத் தேடுவீங்க? "சட்டவொழுகல்"னு போடுங்க.

– – –

ஐயா மன்னிக்கணும், நான் கல்லூரியில பாடம் எடுக்கறவ. "ஒழுகல்"னு போர்டுல எழுதினா பிள்ளைங்களுக்கு மழைக்கு ஒழுகற கூரைதான் ஞாபகம் வரும், சட்டவொழுகல்னா சட்டத்துல ஓட்டைன்னு நேர் எதிரா படிச்சிடுவாங்க. பொருள் தலைகீழாகற இடத்துல தூய்மை பாக்க முடியாது. "கடைப்பிடிப்பு" போடலாம். அதுவும் குறள்ல இருக்கற சொல்தான், மருந்து அதிகாரத்துல "அற்றது அறிந்து கடைப்பிடித்து"ன்னு வருது. இன்னொண்ணு, தயவுசெஞ்சு எல்லாரும் ப் போட்டு எழுதுங்க, கடைபிடின்னு எழுதினா கடையைப் பிடிக்கச் சொல்ற மாதிரி ஆயிடுது. கடை வரைக்கும் பிடிக்கறது கடைப்பிடி.

– – –

வணக்கம், யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட பேப்பருகளில இணக்கப்பாடு எண்டா ரெண்டு தரப்பும் பேசி ஒரு முடிவுக்கு வாறது. அக்கா சொன்ன கடைப்பிடிப்பு வேற, இது வேற. உங்கட புத்தகத்துக்கு ரெண்டும் வேணும். நியூயோர்க்கில இருக்கிற கொலம்பியா பல்கலைக்கழகம் 2025 ஜூலையில அமெரிக்க அரசோட செய்தது இணக்கப்பாடு, மூண்டு வருசத்தில 20 கோடி டாலர் கட்டுறதெண்டு, அதுக்கு மேல இன்னொரு 2.1 கோடி. அதுக்கு முதல் மார்ச்சில, பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை மீறினதெண்டு சொல்லி அரசு அவையளின்ர 40 கோடி டாலர் நிதியை வெட்டினது. தப்புச் செய்ததா கொலம்பியா ஒத்துக்கொள்ளவும் இல்லை. காசு போன பிறகு கையெழுத்து வைக்கிறதை நீங்கள் "சட்டத்தைக் கடைப்பிடித்தது" எண்டு எழுதினா, அதுக்கு முதல் கடைப்பிடிக்கேல்லை எண்டு நாங்களே தீர்ப்புச் சொன்ன மாதிரி எல்லோ?

– – –

யாழ்ப்பாணத்து அண்ணா சொன்னதுல எனக்குப் பாதி வழி தெளிஞ்சிருச்சு. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2025 ஏப்ரல்ல அரசு போட்ட நிபந்தனைகளை ஏத்துக்க மாட்டோம்னாங்க, உடனே அரசு 220 கோடி டாலர் ஆராய்ச்சிப் பணத்த நிறுத்தி வச்சுது. செப்டம்பர்ல நீதிபதி அது செல்லாதுன்னு தீர்ப்பு குடுத்தாங்க. ஆறாம் தலைப்புலயே ஒரு முறை இருக்கு: முதல்ல அறிவிப்பு குடுக்கணும், தானா திருந்த வழி விடணும், விசாரணை வைக்கணும், நாடாளுமன்றத்துக்கு அறிக்கை அனுப்பி 30 நாள் பொறுக்கணும், அப்புறம்தான் பணத்துல கை வைக்கலாம். அந்த முறையை அரசு பின்பத்தலை, பேச்சுரிமையையும் மீறிட்டாங்கங்கறதுதான் தீர்ப்பு. அப்போ அந்தச் சட்டத்தைக் கடைப்பிடிக்காதது அரசு! கம்ப்ளையன்ஸ்னா பல்கலைக்கழகம் மட்டும் செய்யறதுன்னு நெனச்சுத்தான் நான் இத்தனை நாள் சொல் தேடியிருக்கேன். ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தற சொல்லா இருக்கணும், "அரசு இணங்கவில்லை"ன்னா அது வேற அர்த்தம் ஆயிடும், "அரசு கடைப்பிடிக்கவில்லை" சரியா நிக்குது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. 2025 ஜனவரி அதிபர் ஆணைப்படி, பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை மீறற பன்முகத்தன்மைத் திட்டம் (பல இனத்தவங்களையும் சேத்துக்கறதுக்கான திட்டம்) எதையும் நடத்தலைன்னு மானியம் வாங்கறவங்க சான்று குடுக்கணும், பொய்னு ஆச்சுன்னா அரசுக்கு ஆன நஷ்டத்தைப் போல மூணு மடங்கு கட்ட வேண்டி வரும். சட்டத்தோட வாசகம் 1964-ல எழுதினது அப்படியேதான் இருக்கு, எது மீறல்ங்கற வாசிப்புதான் மாறிடுச்சு. பயத்துல பல இடங்கள்ல அந்தத் திட்டத்தோட அலுவலகத்தை மூடினாங்க, சில இடங்கள்ல பேர மாத்தினாங்க. இதைப் பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்குப் புரிய வைக்காம விட எனக்கு மனசு வரல.

 சட்டத்துக்குக் கடைப்பிடிப்பு, பேசி முடிச்ச ஒப்பந்தத்துக்கு இணக்கப்பாடுன்னு போட்டு நாளைக்குக் காலைல அனுப்பறேன்.

– – –

தம்பி, அனுப்புங்க, தடுக்கலை. ஆனா என் மறுப்பைப் பதிவு பண்ணிக்கோங்க. கடைப்பிடியில உறுதியும் மறவாமையும் இருக்கு, அது உள்ளேர்ந்து வர்றது. மூணு மடங்கு தண்டத்துக்கு அஞ்சி அலுவலகத்துப் பேர மாத்தறவங்களுக்கு அந்தச் சொல்லைத் தூக்கிக் குடுக்க எனக்கு மனசில்லை. ஒழுகல்னா நல்லதும் இருக்கலாம், கெட்டதும் இருக்கலாம், நல்லொழுக்கம், தீயொழுக்கம்னு ரெண்டும் இருக்கே. அப்புறம் உங்க நாலாவது பக்கத்துல ஆய்வகத்துக்குக் கரண்டு, கட்டடம், கணக்குப் பிரிவுக்குன்னு போற பணத்தை "மறைமுகச் செலவு"ன்னு போட்டிருக்கீங்க. 2025 பிப்ரவரியில 15 சதவீதத்துக்கு மேல தர மாட்டோம்னு என்ஐஎச் (மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தர்ற அமெரிக்க அரசு நிறுவனம்) அறிவிச்சு, கோர்ட்டு தடுத்ததே, அதே பணம். மறைமுகம்னா ஊர்ல லஞ்சம்னு நெனப்பாங்க. "பொதுச்செலவு"ன்னாவது மாத்திட்டு அனுப்புங்க.