"மெயில் வரலையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் யெஸ்ஸா, நோவா?

கேள்வி – தயிர்வடை
அமெரிக்க வாடிக்கையாளர்களோடு தினமும் போனில் பேசும் வேலை. "டிடின்ட் யூ கெட் மை மெயில்?" என்கிறார்கள். வரவில்லை. "ஆமாம், வரலை" என்கிற நினைப்பில் "யெஸ்" என்றால், மெயில் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். "நோ" சொன்னால் அவர் சொன்னதை மறுப்பது போல இருக்கிறது. எது சரி?

மழைக்காகம்
வரவில்லை என்றால் நோ. கேள்வி எப்படி வந்தாலும் கண்டுகொள்ளாதீர்கள், நடந்தது என்ன என்று மட்டும் பாருங்கள். நம் ஆமாம், கேட்டவரின் நினைப்பு சரி என்கிறது. ஆங்கில யெஸ், நீங்கள் அடுத்துச் சொல்லப்போகும் வாக்கியத்தோடு ஒட்டிக்கொள்ளும்: "யெஸ், ஐ டிட்", "நோ, ஐ டிடின்ட்". நம் ஆமாம் போலவே ஒன்று வேண்டுமென்றால் "ரைட்" இருக்கிறது. "ரைட், இட் ஹாஸ்ன்ட் கம்" என்று தாராளமாகச் சொல்லலாம்.

தயிர்வடை
நன்றி சார். அப்போ "டூ யூ மைண்ட் இஃப் வீ மூவ் த கால்?" என்று போன் பேசும் நேரத்தை மாற்றக் கேட்டால், சம்மதத்துக்கும் நோ தானா?

மழைக்காகம்
ஆமாம், "நாட் அட் ஆல்". ஆட்சேபம் உண்டா என்றுதானே கேட்கிறார்! ஆனால் அவர்களே பல நேரம் "ஷ்யூர், கோ அஹெட்" என்பார்கள், அதுவும் சம்மதம்தான். மொட்டையாக யெஸ் மட்டும் வேண்டாம்.

பழையஏடு
கொஞ்சம் பழங்கதை. ஆங்கிலத்தில் முன்பு இதற்கு நான்கு சொற்கள் இருந்தன. சாதாரணக் கேள்விக்கு யே, நே. எதிர்மறைக் கேள்விக்கு யெஸ், நோ. விவிலியத்தை மொழிபெயர்த்த டிண்டேல் நே, நோ இரண்டையும் குழப்பிவிட்டார் என்று 1532இல் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் மோர் சாடினார். வேடிக்கை என்னவென்றால், அந்த விதியை எழுதும்போது மோரே தலைகீழாக எழுதிவிட்டார்! பிறகு யே, நே வழக்கொழிந்தன. பிரெஞ்சில் 'சி', ஜெர்மனில் 'டோக்' என்று எதிர்மறைக் கேள்வியை மறுத்து ஆமாம் சொல்லத் தனிச்சொல் இன்னும் இருக்கிறது.

இரவுப்பணி
இன்னொன்று. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்ட "யா, யா" போடுகிறோமே, அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்வார்கள். "திங்கட்கிழமைக்குள் முடித்துவிடலாம்" என்று அவர் சொல்லும்போது நடுவில் ஒரு யா விழுந்தால் போச்சு! "ஐ சீ" பாதுகாப்பு. விமானிகள் இதில் கறார். ரேடியோவில் ரோஜர் என்றால் செய்தி முழுதும் கிடைத்தது என்று மட்டும்தான் பொருள். ஆமாம் சொல்ல 'அஃபர்ம்' என்று தனியாக வைத்திருக்கிறார்கள்.

தயிர்வடை
"ஐ சீ", "ரைட்" இரண்டையும் எழுதி மானிட்டரில் ஒட்டியாச்சு. இன்று ராத்திரி ஷிஃப்டில் பார்க்கிறேன்.